புயல் ஓய்ந்த பிறகு மாடித் தண்ணீர்ப் பாதையைப் பார்ப்பதும் சுத்தம் செய்வதும்: கடலூர், புதுச்சேரி வீடுகளுக்கான கேள்வி பதில்

கார்த்திகையில் ஒரு புயல் கரை கடந்ததும் அந்த ஆண்டு மழை முடிந்தது என்று எண்ணிவிட முடியாது. ஒரு வாரம், பத்து நாளில் வங்கக் கடலில் அடுத்த தாழ்வு உருவாகலாம். புயல் கொண்டுவந்து போட்ட சருகும் மட்டையும் குழாய் வாயை அடைத்துக் கிடக்கும்போது பெய்கிற அந்த இரண்டாவது மழைதான் பல வீடுகளில் தளத்தைக் கெடுக்கிறது. இடையில் கிடைக்கும் இரண்டு மூன்று வெயில் நாட்களில் அரை நாளை இதற்கு ஒதுக்கிவிடுங்கள். மொட்டை மாடி, ஷீட் கூரை, ஓட்டு வீடு, பழைய மெட்ராஸ் டெரஸ் தளம் என நம் பக்கத்தில் உள்ள வீடுகளில் வழக்கமாக எழும் கேள்விகளுக்குப் பதில்கள் இவை.

காற்று சட்டென்று நின்றுவிட்டது. இப்போதே மாடிக்குப் போகலாமா?

போகாதீர்கள். புயலின் கண் தலைக்கு மேல் வரும்போது காற்று இப்படித்தான் அடங்கும். கொஞ்ச நேரம் கழித்து எதிர்த் திசையிலிருந்து பழைய வேகத்தோடு திரும்ப அடிக்கும். முதல் பாதியில் தளர்ந்த தகரமும் தென்னை மட்டையும் இரண்டாம் பாதியில் பறக்கும். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே கரையேறிய பிறகும் மணிக்கணக்கில் நகராமல் நின்று கொட்டித் தீர்த்தது. ஆகவே கரை கடந்த செய்தி வந்ததுமே கிளம்பிவிடாமல், வானிலை ஆய்வு மையம் வலுவிழந்துவிட்டது என்று சொல்லும்வரை, பிறகு விடியும்வரை பொறுங்கள்.

ஏறும் முன் தெருவில் நின்று வீட்டை ஒரு சுற்றுப் பாருங்கள். கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் ஒயர் கைப்பிடிச் சுவரிலோ ஷீட்டிலோ உரசிக்கொண்டிருந்தால் யாரும் ஏறக் கூடாது. கரன்ட் இல்லையே என்ற தைரியம் வேண்டாம். எந்த நிமிடமும் லைனைப் போடலாம். பக்கத்து வீட்டு ஜெனரேட்டரிலிருந்து பின்வழியாகவும் மின்சாரம் கம்பிக்கு ஏறலாம். கடலூர் மாவட்டத்தில் இருப்பவர்கள் மின்வாரியத்தின் மின்னகம் சேவை மையத்துக்கு 94987 94987 எண்ணில் சொல்லலாம். புதுச்சேரியில் உங்கள் பகுதி மின்துறை அலுவலகத்துக்குச் சொல்லி ஆள் வந்து பார்த்த பிறகே படியில் கால் வையுங்கள்.

முதலில் எங்கிருந்து ஆரம்பிப்பது?

வீட்டுக்குள்ளிருந்து. ஒவ்வொரு அறையிலும் மேல்தளத்தை, முக்கியமாகச் சுவரும் தளமும் சேரும் மூலைகளையும் மழைநீர்க் குழாய் இறங்கும் சுவர்களையும் பாருங்கள். ஈரத் திட்டு இருந்தால் அதன் விளிம்பைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். மழை நின்று இரண்டு நாள் ஆன பிறகும் ஈரம் கோட்டைத் தாண்டிப் பரவினால் மேலே எங்கோ தண்ணீர் தேங்கியிருக்கிறது. கோட்டுக்குள்ளேயே காய்ந்து சுருங்கினால் புயலில் அடித்த சாரல் உறிஞ்சியதாக இருக்கலாம், அவசரமில்லை.

சேதம் இருந்தால் எதையும் அள்ளுவதற்கு முன் எல்லாக் கோணத்திலும் போட்டோ எடுத்து வையுங்கள். நிவாரணக் கணக்கெடுப்புக்குக் கிராம நிர்வாக அலுவலர் வரும்போது மாடி சுத்தமாகியிருக்கும்; போட்டோ மட்டும்தான் மிஞ்சும்.

மாடியில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. குழாய் வாயில் கையை விட்டு அடைப்பை எடுக்கலாமா?

கையை விடவே கூடாது. நான்கு இஞ்ச் குழாய் பத்தடி உயரத்துக்கு நிறைந்து ஓடத் தொடங்கினால் அதன் வாயில் 20 கிலோவுக்கு மேல் இழுவிசை வரக்கூடும். அடைப்பு திடீரென்று உடையும்போது கை வாயோடு ஒட்டிக்கொண்டு வெளியே எடுக்க முடியாமல் போகும். குழந்தைகளை அந்த நேரத்தில் மாடிப் பக்கமே விடாதீர்கள்.

ஒரு நீளக் கம்பின் நுனியில் வளைத்த கம்பியைக் கட்டி, வாய்க்கு ஒரு முழம் தள்ளி நின்று, மேலே கிடக்கும் குப்பையைப் பக்கவாட்டில் உங்கள் பக்கமாக இழுங்கள். கீழ்நோக்கிக் குத்தினால் குப்பை குழாய்க்குள் இறங்கி, குழாய் திரும்பும் வளைவான எல்போவில் இறுகிவிடும். பிறகு அதை எடுக்கக் குழாயை அறுக்க வேண்டிவரும். தண்ணீர் வடிந்த பிறகு மிச்சத்தைக் கையுறையோடு அள்ளிக்கொள்ளலாம்.

தேங்கிய தண்ணீரை வெயிலில் காயட்டும் என்று விட்டுவைக்கவும் கூடாது. ஒரு சதுர மீட்டரில் 10 செ.மீ. தண்ணீர் நின்றால் அது 100 கிலோ. ஆயிரம் சதுர அடி மாடியில் அதே உயரம் நின்றால் 9 டன்னுக்கு மேல். ஆள் நடமாடும் மாடிக்குச் சதுர மீட்டருக்கு 150 கிலோ கூடுதல் சுமை என்று கணக்குப் போட்டுத்தான் பொதுவாகத் தளம் வடிவமைக்கிறார்கள். 15 செ.மீ. தண்ணீரே அந்த எல்லையைத் தொட்டுவிடும்.

எங்கள் மாடியில் ஒரே ஒரு குழாய்தான் இருக்கிறது. போதுமா?

பெரும்பாலும் போதாது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு தரும் கணக்கில், மணிக்கு 10 செ.மீ. வேகத்தில் மழை பெய்தால் 100 மி.மீ. குழாய் ஒன்று சுமார் 42.7 சதுர மீட்டரை, அதாவது 460 சதுர அடியைத்தான் தாங்கும். 75 மி.மீ. குழாய் அதில் பாதிகூடத் தாங்காது. ஆயிரம் சதுர அடி மாடிக்கு நான்கு இஞ்ச் குழாய் மூன்று இருந்தால் நிம்மதி. இரண்டுக்குக் குறையக் கூடாது. ஒன்று அடைத்தாலும் இன்னொன்று ஓட வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

2024 டிசம்பர் 1 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் பெய்தது 48 செ.மீ.க்கும் மேல். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். அந்தக் கணக்கில் ஆயிரம் சதுர அடி மாடியில் அன்று விழுந்தது ஏறக்குறைய 44,600 லிட்டர். அத்தனையும் ஒரே வாயில் இறங்க வேண்டும் என்று விட்டிருந்தால் அதில் ஒரு பிளாஸ்டிக் பை வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

புதிதாகக் குழாய் இறக்க வசதியில்லாதவர்களுக்குச் சுலபமான வழி ஒன்று உண்டு. கைப்பிடிச் சுவரில், தளத்திலிருந்து 5 செ.மீ. உயரத்தில், இரண்டு இஞ்ச் பி.வி.சி. துண்டை வெளிப்பக்கம் சரிவாக, சுவரைத் தாண்டி அரையடி நீட்டிப் பதித்துவிடுங்கள். குழாய் வாய் அடைத்தால் தண்ணீர் அந்த வழியாகத் தெருப்பக்கம் விழும். கீழே நிற்பவருக்கே அடைப்பு தெரிந்துவிடும். ஒவ்வொரு மாடியிலும் இது இருக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

குழாய் வாயைச் சுத்தம் செய்யும் சரியான முறை என்ன?

புயலுக்குப் பிறகு ஒரு குழாய் வாயைக் குனிந்து பார்த்தால் குப்பை அடுக்கடுக்காக இருக்கும். மேலே வேப்பிலையும் பூவரச இலையும் பால் பாக்கெட் கவரும். அதற்குக் கீழே தென்னம் பன்னாடை, ஈரத்துணி மாதிரி விரிந்து வாயோடு ஒட்டியிருக்கும். கடலோரப் பக்கம் என்றால் அதன் இடுக்குகளில் சவுக்கு ஊசி கோத்துக்கொண்டு கயிற்றுப் பாய் போல ஆகியிருக்கும். எல்லாவற்றுக்கும் அடியில் கருப்பாக, பசை போன்ற ஒரு சேறு. அது ஆடிக் காற்றில் வந்த மண்ணும் தளத்திலிருந்து தேய்ந்த சிமென்ட் தூளும் பாசியும் கலந்தது. மேலே இருப்பதை மட்டும் எடுத்துவிட்டு வாளித் தண்ணீரை ஊற்றினால் இந்தச் சேறு குழாய்க்குள் போய் அடியில் கெட்டியாகிவிடும்.

எனவே வாயை முதலில் ஒரு பழந்துணியால் மூடிவிட்டு, மாடி முழுவதையும் வாயிலிருந்து விலக்கித் துடைப்பத்தால் கூட்டி ஒரு மூலையில் குவித்து அள்ளுங்கள். பிறகு துணியை எடுத்து, வாயைச் சுற்றி இரண்டடிக்குச் சேற்றைச் சுரண்டுங்கள். இதற்குக் கொத்துக் கரண்டி வேண்டாம். தளத்தில் பதித்த தட்டை ஓடான தட்டோட்டையும் பூச்சையும் கீறிவிடும். ஐந்து லிட்டர் எண்ணெய் கேனை மூலைவாக்கில் வெட்டினால் நல்ல அள்ளுகரண்டி கிடைக்கும், மூலைகளுக்குக் கொட்டாங்குச்சி போதும். குழாய் வாய்மேல் உள்ள துளைத் தட்டான ஜாலியைக் கழற்றிப் பழைய டூத் பிரஷால் தேயுங்கள். குழாயின் கழுத்தில் கைக்கு எட்டும் வரை துடைத்த பிறகே தண்ணீர் விட வேண்டும்.

சோதனைக்கு ஒரு வாளி, சுமார் 15 லிட்டர், ஒரே மூச்சில் ஊற்றுங்கள். நான்கு இஞ்ச் குழாய் என்றால் சில விநாடிகளில் சுழன்று இறங்கி, கீழே முழு வாயோடு வந்து விழ வேண்டும். மெதுவாக இறங்கினாலோ கீழே நூல் மாதிரி வந்தாலோ உள்ளே அடைப்பு இருக்கிறது.

குழாய்க்குள் அடைப்பு எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பெரும்பாலும் அடியில், தரைக்குச் சற்று மேலே இருக்கும் எல்போவில்தான். மேலே தண்ணீர் ஊற்றி நிரப்பிவிட்டு, ஒரு குச்சியால் குழாயைக் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே போங்கள். காலியான இடம் ‘டொக் டொக்’ என்று ஒலிக்கும். தண்ணீர் நிற்கும் இடத்தில் சத்தம் மந்தமாக வரும். சத்தம் மாறும் இடத்துக்குக் கொஞ்சம் கீழேதான் அடைப்பு. குழாயின் நடுவில் ஏதாவது ஒரு ஜாயின்ட்டில் கசிந்தாலும் அதே பொருள்தான்.

ஓஸ் பைப்பைக் கீழ்ப்பக்கம் விட்டு மேல்நோக்கித் தண்ணீரை அடியுங்கள், குப்பை தளர்ந்து கீழே கொட்டும். அதில் போகவில்லை என்றால் பிளம்பர்கள் வைத்திருக்கும் சுருள் ஸ்பிரிங் கம்பியைச் சுழற்றிக்கொண்டே விட வேண்டும். மூங்கிலைத் திணிப்பதும் ஆசிட் ஊற்றுவதும் வேண்டாம். மூங்கில் எல்போவை உடைக்கும். ஆசிட் இலைக் குப்பையைக் கரைக்காது, ஆனால் கீழே இருக்கும் சிமென்ட் தொட்டியை அரிக்கும், திரும்பத் தெறித்தால் கண்ணைப் பறிக்கும்.

அடியில் சாதாரண எல்போ இருந்தால், இந்தச் சாக்கில் அதை அறுத்து டோர் பெண்ட் போட்டுவிடுங்கள். அதன் முதுகில் திருகிக் கழற்றும் மூடி இருக்கும். அடுத்த தடவை மூடியைத் திறந்து ஐந்து நிமிடத்தில் வேலையை முடிக்கலாம். மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தைத் தொலைக்காதீர்கள், அது இல்லாவிட்டால் சுவரெல்லாம் கசியும்.

தட்டை ஜாலியா, குமிழ் ஜாலியா?

குமிழ். தட்டை ஜாலியை மூட ஒரே ஒரு பூவரச இலை போதும். கவிழ்த்த கூடை போல எழும்பி நிற்கும் ஜாலியில் அடியில் குப்பை சேர்ந்தாலும் மேல் துளைகளில் தண்ணீர் போகும். கொசுவலை, நைலான் வலை எதையும் வாயில் கட்டாதீர்கள். சவுக்கு ஊசியும் புளிய இலையும் அதில் ஒரே மழையில் பாயாகப் படிந்துவிடும். ஜாலியே வேண்டாம் என்று கழற்றி வைப்பது அதைவிட மோசம். குரும்பை நேராகக் குழாய்க்குள் விழுந்து எல்போவில் தக்கை மாதிரி உட்காரும்.

ஷீட் கூரையின் ஓரத்தில் மழைநீரை வாங்கும் நீளத் தொட்டியான கட்டரைச் சுத்தம் செய்ய ஏணி எப்படிப் போட வேண்டும்?

கட்டரில் சாய்க்காதீர்கள். பி.வி.சி. கட்டர் உடையும், தகரக் கட்டர் நசுங்கி வாட்டம் (தண்ணீர் ஓடும் சரிவு) கெடும். ஏணியைச் சுவரிலோ இரும்புத் தூணிலோ சாய்த்து, நான்கடி உயரத்துக்கு ஓரடி என்ற கணக்கில் அடியைத் தள்ளி வையுங்கள். 12 அடி உயரம் என்றால் மூன்றடி. ஏணியின் தலை, சாய்த்த இடத்துக்கு மேல் மூன்றடி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். கீழே ஒருவர் பிடித்தே ஆக வேண்டும். மழையில் நனைந்த மூங்கில் ஏணியில் கட்டுக் கயிறு இளகியிருக்கும். அன்று அதை எடுக்காதீர்கள். எட்டி எட்டி அள்ளாமல், இரண்டடிக்கு ஒருமுறை இறங்கி ஏணியை நகர்த்துங்கள்.

தண்ணீர் இறங்கும் வாய்க்கு எதிர்முனையிலிருந்து அள்ளத் தொடங்கி வாயில் முடிக்காதீர்கள். வாயிலிருந்து தொடங்கி மேட்டுப் பக்கம் போங்கள். இல்லையென்றால் தள்ளப்படும் சேறெல்லாம் வாய்க்குள்தான் போகும். அள்ளியதைத் தோளில் தொங்கும் பையிலோ கொக்கியில் மாட்டிய வாளியிலோ போடுங்கள். கைகள் இரண்டும் காலியாக இருப்பது முக்கியம்.

ஷீட்டின் மேலே ஏறியே தீர வேண்டும் என்றால் ஸ்க்ரூ வரிசை மேல் மட்டும் மிதியுங்கள். அதன் அடியில்தான் இரும்புக் குறுக்குச்சட்டம் இருக்கிறது.

கட்டர் தொய்ந்திருக்கிறது, ஜாயின்ட்டில் ஒழுகுகிறது. என்ன செய்வது?

தொய்வுக்குக் காரணம் எடை. 15 செ.மீ. அகலமும் 12 செ.மீ. ஆழமும் உள்ள கட்டர் நிறைந்தால் மீட்டருக்கு 18 கிலோ. 20 அடிக் கட்டர் அடைத்து நின்றால் நூறு கிலோவைத் தாண்டும், சேறு சேர்ந்தால் இன்னும் அதிகம். கிளாம்ப்கள் இரண்டடிக்கு ஒன்று இருக்க வேண்டும். நான்கடிக்கு ஒன்றாக அடித்த வேலையைத்தான் எங்கும் பார்க்கிறோம். சுத்தம் செய்ததும் இடையிடையே புதுக் கிளாம்ப் சேருங்கள். வாட்டம் பத்தடிக்கு அரை இஞ்ச் போதும். நூல் கட்டி மட்டம் பாருங்கள். கண்ணால் பார்த்துச் செய்தால் நடுவில் குழி விழும்.

ஒழுகும் ஜாயின்ட்டுக்குத் தற்காலிகமாக எம்-சீல் வைக்கலாம், ஆனால் இடம் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தில் வைத்த சிலிகான் ஒரு வாரத்தில் தோலாக உரிந்துவிடும். பி.வி.சி. கட்டரில் அடிக்கடி நடக்கும் தவறு, எல்லா ஜாயின்ட்டையும் சொல்யூஷன் போட்டு இறுக ஒட்டுவது. மூன்று மீட்டர் துண்டு, இரவுக் குளிருக்கும் சித்திரை வெயிலுக்கும் நடுவே ஐந்து மில்லிமீட்டர் வரை நீண்டு சுருங்கும். அது நகர இடமில்லாமல் போனால் விரிசல் விடும். ரப்பர் வளையம் உள்ள ஜாயின்ட்டை வாங்கி, துண்டுகளுக்கு நடுவே ஐந்தாறு மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஏதாவது வித்தியாசம் உண்டா?

உண்டு. மேலே கால் வைக்காதீர்கள். பார்க்கக் கல் போல இருக்கும்; பழைய ஷீட் எச்சரிக்கையே இல்லாமல் உடைந்து ஆளை உள்ளே தள்ளும். ஏறித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டு குறுக்குச்சட்டங்களின் மேல் படும்படி பலகை போட்டு அதில் மட்டும் நில்லுங்கள். பாசியை உலர்ந்த நிலையில் கம்பி பிரஷால் தேய்க்கக் கூடாது. அதில் பறக்கும் நார் நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகள் கழித்து நோயாக வரும். நனைத்து, மென்மையான துடைப்பத்தால் வழியுங்கள். உடைந்த துண்டுகளையும் நனைத்துத் தடித்த பிளாஸ்டிக் பையில் கட்டித் தனியே வையுங்கள். நொறுக்கி மண்ணில் கொட்டி மேடு நிரப்பும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

ஓட்டு வீட்டில் எதைப் பார்ப்பது?

கூடல்வாயை. இரண்டு சரிவுகள் சேரும் அந்தத் தகரப் பள்ளத்தில்தான் எல்லாச் சருகும் வந்து சேரும். அதில் அடைத்தால் தண்ணீர் பக்கத்து ஓட்டின் அடியில் ஏறி நேராகச் சட்டத்தில் விழும். கீழே நின்று, நீளக் கம்பில் கட்டிய துடைப்பத்தால் மேலிருந்து கீழாக இழுங்கள். கீழிருந்து மேலே தள்ளினால் ஓடு தூக்கிக்கொள்ளும். தகரத்தில் ஊசித் துளை தெரிகிறதா என்பதைப் பகலில் வீட்டுக்குள் விளக்கை அணைத்துவிட்டு அண்ணாந்து பாருங்கள். நட்சத்திரம் போல வெளிச்சம் தெரியும் இடமெல்லாம் துளை. சீமை ஓட்டில் ஒன்று நகர்ந்தாலும் பக்கத்து ஓட்டின் பூட்டு விடும், அதனால் நகர்ந்த வரிசை முழுவதையும் சரிபாருங்கள். ஓட்டைத் தூக்கும்போது விரலை அடியில் விடாதீர்கள். தேளும் பூரானும் அங்கேதான் ஒதுங்கியிருக்கும்.

புதுச்சேரியில் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு. முற்றத்தைச் சுற்றித் தண்ணீர் கசிகிறது. சிமென்ட் பூசிவிடலாமா?

சிமென்ட் வேண்டாம். இந்தத் தளத்தில் தேக்குச் சட்டங்களுக்கு மேல் செங்கல்லைச் சாய்வாக, குத்துவாக்கில் சுண்ணாம்புக் கலவையில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, தட்டோடு பதித்திருப்பார்கள். சுண்ணாம்பு ஈரத்தை உறிஞ்சி வெயிலில் திரும்ப விட்டுவிடும். மேலே சிமென்ட் பூசினால் உள்ளே போன ஈரம் வெளியேற வழியின்றிச் சட்டத்துக்குள் இறங்கும். சட்டம் முதலில் அழுகுவது நம் கண்ணுக்குத் தெரியும் நடுப்பகுதியில் அல்ல; சுவருக்குள் புதைந்திருக்கும் முனையில். அதற்கு நேர் மேலேதான் பெரும்பாலும் குழாய் வாய் இருக்கிறது.

ஆகவே இந்த வீடுகளில் குழாய் வாயைச் சுத்தமாக வைப்பதுதான் தளத்தைக் காக்கும் முதல் வேலை. சுத்தம் செய்த பிறகு சுவரோரச் சட்ட முனைகளை ஒரு திருப்புளியால் மெல்ல அழுத்திப் பாருங்கள். நுனி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கினால் அந்தச் சட்டத்தின் கீழ் உடனே முட்டுக் கொடுத்து, சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைக் கூப்பிடுங்கள். தட்டோட்டு இடுக்குகளையும் சுண்ணாம்புக் கலவையால்தான் அடைக்க வேண்டும்.

கைப்பிடிச் சுவரில் அரசஞ்செடி முளைத்திருக்கிறது. பிடுங்கிவிடலாமா?

விரல் நீளம்தான் என்றால், மழை ஈரம் இருக்கும்போதே வேரோடு பிடுங்குங்கள். பென்சில் தடிமனைத் தாண்டிவிட்டால் இழுக்காதீர்கள். பூச்சும் செங்கல்லும் சேர்ந்து வரும். சுற்றியுள்ள பூச்சைக் கொத்தி வேர் போகும் வழியைத் திறந்து, வேரை எடுத்த பிறகே கலவை வைத்து மூட வேண்டும். மேலே வெட்டிவிட்டு மூடினால் அடுத்த ஆடிக்குள் பக்கத்தில் தளிர்க்கும்.

கடற்கரைக்கு அருகில் வீடு. உப்புக்கு என்ன செய்வது?

மழை விட்டதும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் போன்ற இடங்களில் புயல் காற்று கடல்நீரைத் துளியாக்கிக் கூரைமேல் அடிக்கும். கட்டரின் அடிப்பக்கமும் கிளாம்பும் மழை படாத இடங்கள் என்பதால் உப்பு அங்கேயே தங்கி அரிக்கும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது காற்று மணிக்கு 120 முதல் 140 கி.மீ. வேகத்தில் வீசியது. அப்படிப்பட்ட காற்றில் ஷீட்டைப் பிடித்து நிறுத்துவது ஸ்க்ரூவும் அதன் ரப்பர் வாஷரும்தான். தலை துருப்பிடித்த ஸ்க்ரூவையும் வெடித்த வாஷரையும் ஒன்றுவிடாமல் மாற்றுங்கள். துரு ஆரம்பித்த தகரத்தைத் தேய்த்து, ஜிங்க் பிரைமர் ஒரு கோட், பிறகு பெயின்ட் இரண்டு கோட்.

மழைநீர்த் தொட்டிக்குப் போகும் குழாயை எப்போது திறப்பது?

மாடி முழுக்கச் சுத்தமாகி, அதன்பின் ஒரு மழை பெய்து கழுவிய பிறகு. தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் பல வீடுகளில் இணைப்பு இருக்கிறது. வால்வைத் திருப்ப யாருக்கும் நினைவு வருவதில்லை. புயல் நீர் உப்பும் காக்கை எச்சமும் கலந்தது. அது சம்புக்குள் போயிருந்தால் இறைத்துவிட்டுத் தேய்த்துக் கழுவி, நல்ல தண்ணீர் நிரப்பிய பின் ஆயிரம் லிட்டருக்கு நான்கு கிராம் பிளீச்சிங் பவுடரை ஒரு வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் புழங்கலாம். குடிக்கக் காய்ச்சித்தான் எடுக்க வேண்டும். நிலத்தடிக்குப் போகும் குழி என்றால் மேல் மணலில் படிந்த சேற்றுப் படலத்தை வழித்தெடுத்தால் போதும். மொட்டை மாடித் தொட்டியின் மூடி பறந்திருக்கிறதா என்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள்.

பாம்பு, கதண்டு இருந்தால்?

வெள்ளத்தில் இடம்பெயர்ந்த பாம்பு மாடிப்படி, சருகுக் குவியல், குழாயின் கீழ் வாய் என உலர்ந்த இடம் தேடும். குவியலில் கை வைக்கும் முன் கம்பால் கிளறுங்கள். முழங்கை வரை ரப்பர் கையுறையும் மூடிய செருப்பும் கட்டாயம். எலிச் சிறுநீர் கலந்த சேறு காலில் உள்ள சின்னப் புண் வழியாகவும் எலிக்காய்ச்சலைக் கொடுக்கும். கதண்டுக் கூடு கண்ணில் பட்டால் புகை போடுவது, தண்ணீர் அடிப்பது எதுவும் வேண்டாம். விலகி வந்து 101-க்குச் சொல்லுங்கள், தீயணைப்புத் துறையினர் வந்து அகற்றுவார்கள். புறா எச்சம் உலர்ந்திருந்தால் நனைத்த பிறகே சுரண்டுங்கள், முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள்.

மழை முடிந்ததும் வாட்டர் புரூஃப் பெயின்ட் அடித்துவிடலாமா?

இப்போது வேண்டாம். ஈரத் தளத்தில் அடித்த பெயின்ட் முதல் வெயிலில் கொப்புளமாக எழும். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு இரவு விடுங்கள். காலையில் அடியில் நீர்த்துளி தெரிந்தால் தளம் இன்னும் காயவில்லை. நம் பக்கத்தில் மாசிக்கு முன் அந்த வேலையைத் தொடாமல் இருப்பதே நல்லது. அதுவரை தார்ப்பாய் போட்டு மூடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் ஓரத்துக்கு வைக்கும் மணல் மூட்டை குழாய் வாய்மேல் உட்காரக் கூடாது, தார்ப்பாயின் சரிவும் வாயை நோக்கியே இருக்க வேண்டும்.

கொசுவுக்காகத் தனியாக ஏதும் செய்ய வேண்டுமா?

கட்டரில் அரை இஞ்ச் தண்ணீர் நின்றாலே டெங்கு கொசுவுக்குப் போதும். முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள். முட்டை உலர்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால் தண்ணீரைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. உட்சுவரைத் தேய்க்க வேண்டும். வாட்டம் சரியாக இருந்தால் இந்தக் கவலையே வராது.

எடுத்த குப்பையை எங்கே போடுவது?

வீட்டு முன் வாய்க்காலில் தள்ளாதீர்கள். நீங்கள் மாடியிலிருந்து இறக்கிய அதே சருகுதான் தெரு முனையில் சிறுபாலத்தின் கண்ணை அடைத்துத் தண்ணீரை உங்கள் வாசலுக்கே திருப்பும். புதுச்சேரி ரெயின்போ நகர் போலத் தாழ்வான பகுதிகளில் ஒரு சாக்குச் சருகுகூடத் தெருவுக்குப் பெரிய சேதம். இலையும் பன்னாடையும் தோட்டத்து மரத்தடியில் மூடாக்காகப் போகட்டும். பிளாஸ்டிக்கைப் பிரித்துத் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள். காக்கைக் கூட்டில் கிடக்கும் கம்பித் துண்டுகளைத் தனியே கட்டிக் கொடுங்கள், அவர்கள் கையைக் கிழிக்கும்.

வருடத்துக்கு எத்தனை முறை பார்க்க வேண்டும்?

புரட்டாசி முதல் வாரத்தில் முழுச் சுத்தம் ஒன்று. அதற்குள் ஆடிக் காற்று கொண்டுவந்த மண் அத்தனையும் மாடியில் சேர்ந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பெருமழை ஒவ்வொன்றும் விட்ட மறுநாள் காலை குழாய் வாயை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் போதும், ஐந்து நிமிட வேலை. புயல் எச்சரிக்கை வந்ததும், காற்று கிளம்புவதற்கு முன்பே, ஒருமுறை ஏறி மாடியில் கிடக்கும் பிளாஸ்டிக், தேங்காய் மட்டை, பூந்தொட்டித் தட்டு எல்லாவற்றையும் கீழே இறக்குங்கள். வீட்டைத் தொட்டுக்கொண்டு வேம்போ தென்னையோ நின்றால் மாதம் ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள்; தென்னையில் காய்ந்த மட்டையையும் பாளையையும் புரட்டாசிக்குள் மரம் ஏறுபவரை வைத்து இறக்கிவிட வேண்டும்.